புகல் தேடி வந்தவர்கள் – 7: இரண்டாவது கதவு

சென்ற வாரம் பண்ணைவிளையில் நிறுத்தியிருந்தோம். 1901, மார்ச் மாதம். பெருங்குளத்துக் கோயில் வீட்டிலிருந்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்தாள். அதற்கு முன்பும் ஒருமுறை தப்பியிருந்தாள். அப்போது தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடினாள். தேடி வந்தவர்களிடம் தாயே அவளைப் பிடித்துக் கொடுத்தாள். கைகளில் சூடு விழுந்தது. இரண்டாம் முறை அவள் தாயிடம் போகவில்லை. அயர்லாந்திலிருந்து வந்திருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் வந்து சேர்ந்தாள்.

அவருடைய டோனாவூர் இல்லம் அங்கிருந்து வளர்ந்த கதையையும், அடைக்கலம் கொடுத்த குற்றத்துக்காக அந்த அம்மையார் நீதிமன்றப் படி ஏறியதையும் பார்த்தோம். 1911-இல் வேறொரு பெண்ணை உறவினரிடம் ஒப்படைக்கும்படி தீர்ப்பு வந்தபோது, அந்தப் பெண் டோனாவூரிலேயே இல்லை. மாறுவேடத்தில் கிளம்பி, இலங்கை வழியாகச் சீனா வரை கொண்டுபோகப்பட்டுக் காப்பாற்றப்பட்டாள். 1951 அகதிகள் உடன்படிக்கைக்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, திருநெல்வேலிச் சீமையிலிருந்து கடல் தாண்டிய அகதிப் பெண் அவள்.

டோனாவூரை ஊர் முழுமையாக ஏற்கவில்லை. பிள்ளைகளைப் பிடித்து வேதத்தில் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு கடைசிவரை ஓயவில்லை. சரி, வெள்ளைக்காரப் பாதிரிகள் செய்வது பிடிக்கவில்லை என்றால் நம்மவர்கள் என்ன செய்தார்கள்?

இந்த வாரம் அந்தக் கேள்விக்கு வருவோம். அதற்கு நாம் முதலில் புதுக்கோட்டை போக வேண்டும்.

வகுப்பறையில் ஒரு திரை

இதை எழுதும் காரைக்குடிச் செக்காலையிலிருந்து புதுக்கோட்டை 40 கிலோமீட்டர் சொச்சம். கானாடுகாத்தான் விலக்கைத் தாண்டி, திருமயம் கோட்டையைப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு மணி நேரப் பயணம். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு அது வேறு ராஜ்ஜியம். காரைக்குடி வெள்ளைக்காரனின் சென்னை மாகாணத்தில். புதுக்கோட்டை தொண்டைமான் சமஸ்தானத்தில்.

அங்கே 1886, ஜூலை 30 அன்று, பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று அறியப்பட்ட முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியோடு தொடர்புடைய கல்வியாளர். தாய் சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கமுள்ள குலத்தில் பிறந்தவர். ஊர் வாய்க்கு இந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

(நடிகர் ஜெமினி கணேசனும் இந்த நாராயணசாமி ஐயர் குடும்பத்துப் பிள்ளைதான். முத்துலட்சுமி அவருக்கு அத்தை முறை. இதைச் சொன்னால் இப்போதும் பலர் புருவத்தை உயர்த்துகிறார்கள்.)

மெட்ரிகுலேஷன் தேறிய பெண் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். அதிலும் தாய் வழியைச் சொல்லிச் சொல்லி எதிர்த்தார்கள். பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிடுவோம் என்று மிரட்டியவர்களும் உண்டு.

மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். முத்துலட்சுமி மூடுவண்டியில் கல்லூரிக்குப் போனார். வகுப்பில் பையன்களின் கண்ணில் படாதபடி ஒரு திரைக்கு அப்பால் உட்கார்ந்து பாடம் கேட்டார்.

இந்தத் திரையைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சென்னையில் இவர் சந்திக்கப்போகிற மனிதர்கள் யாரும் புதுக்கோட்டைக்காரர்களைவிட முன்னேறியவர்கள் அல்லர்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-இல் பரிசுகளும் பதக்கங்களுமாக டாக்டர் பட்டம். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியுடன் திருமணம். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளை நாம் வேகமாகத் தாண்டிவிடலாம். 1926 கடைசியில் சென்னைச் சட்டமேலவைக்கு அவர் நியமிக்கப்படுகிறார். 1927 தொடக்கத்தில் அந்த அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அவையில் இருந்த ஒரே பெண் அவர்தான்.

கோட்டையில் ஒரு தீர்மானம்

1927, நவம்பர். சிறுமிகளையும் இளம் பெண்களையும் சாதி, வழக்கம், மதம் என்று சொல்லிக் கோயிலுக்கு அர்ப்பணிப்பதை நிறுத்த அரசு விரைந்து சட்டம் கொண்டுவர வேண்டும் என்ற தீர்மானத்தை முத்துலட்சுமி அவையில் வைத்தார். தீர்மானம் நிறைவேறியது.

இந்த இடத்தில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திக்கு அவர் கொடுத்ததாக ஒரு பதிலடியை மேடைப் பேச்சாளர்கள் சொல்வார்கள். கைதட்டலுக்கு நல்ல வசனம். அதற்கு ஆதாரம் காட்டி ஒருவரும் பேசக் கேட்டதில்லை என்பதால் அதை இந்தத் தொடரில் சேர்க்கவில்லை. சத்தியமூர்த்தி இந்த முயற்சியை எதிர்த்தார் என்பது மட்டும் போதும்.

அவையின் எதிர்ப்பைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவைக்கு வெளியே எழுந்த எதிர்ப்பு. அது தாசிகளிடமிருந்தே வந்தது.

சென்னையில் தேவதாசிகள் சங்கமாகக் கூடி அரசுக்கு மனு அனுப்பினார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அதில் முன்னின்றார். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தைப் போட்டுக் கோயில் கட்டினாரே, அதே அம்மையார். எங்களை எல்லாம் ஒட்டுமொத்தமாக விலைமாதர் என்று சட்டப் புத்தகத்தில் எழுதாதீர்கள். நாங்கள் கலையும் படிப்பும் உள்ளவர்கள். வழக்கம் கெட்டுப்போயிருந்தால் எங்கள் பெண்களுக்குக் கல்வி கொடுங்கள், குலத்தையே அழிக்காதீர்கள் என்பது அவர்கள் வாதம்.

அதை வெறும் சுயநலம் என்று தள்ளிவிட முடியாது. சொத்து தாயிடமிருந்து மகளுக்குப் போன வீடுகள் அவை. பெண்ணைத் தத்தெடுக்கும் உரிமை இருந்த வீடுகள். மற்ற வீட்டுப் பெண்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதே பாவமாக இருந்த காலத்தில் இவர்கள் சமஸ்கிருதமும் தெலுங்கும் படித்தார்கள். நம் செட்டிநாட்டுப் பெரிய வீட்டுக் கல்யாணங்களில் சதிர்க் கச்சேரி வைப்பது அந்தஸ்தாக இருந்தது. ஆடியவருக்குச் சன்மானம் மரியாதையோடு போனது.

ஆனால் அதே தெருவில், அதே குலத்தில், எட்டு வயதில் எதற்கென்று தெரியாமல் பொட்டுக் கட்டப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு நாகரத்தினம்மாளின் வாழ்க்கையைக் காட்டி அந்தப் பிள்ளைகளின் வாயை அடைக்க முடியாது. அந்தப் பிள்ளைகளைக் காட்டி நாகரத்தினம்மாளை அவமதிப்பதும் நியாயமில்லை. முத்துலட்சுமி இரண்டாவது தவறைச் சில சமயம் செய்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். தாய் வழியில் பட்ட காயம் அவரை அந்தக் குலத்தின் கலையைப் பொறுமையாகப் பார்க்க விடவில்லை.

அந்தக் குலத்திலிருந்தே வேறு குரல்களும் எழுந்தன. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தஞ்சை வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய்ப் பொட்டுக் கட்டாதே என்று பேசிக்கொண்டிருந்தார். சென்னையில் யாமினி பூர்ணதிலகம் என்ற அம்மையார் இப்படி வெளியேறும் பெண்களுக்கு இந்து யுவதி சரணாலயம் என்ற இல்லத்தையே நடத்தினார். ஆக, முத்துலட்சுமி தனியாளாக நின்றார் என்று பாடநூலில் எழுதுவது சரியல்ல.

நிலம் என்ற சங்கிலி

சரி, பிடிக்காதவர்கள் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? 1920-களில் படித்தவர்களே இப்படிக் கேட்டார்கள். இதற்குப் பதில் நிலப் பதிவேட்டில் இருந்தது.

கோயிலில் ஆடவும் பாடவும், கும்ப ஆரத்தி எடுக்கவும் கடமைப்பட்ட பெண்ணுக்கு மானிய நிலம் உண்டு. இனாம் என்பார்கள். நிலம் அவளுக்கென்று கொடுத்ததல்ல, அவள் செய்யும் ஊழியத்துக்குக் கொடுத்தது. ஊழியம் நின்றால் மானியமும் போகும். அந்த மானியம் அடுத்த தலைமுறைக்கும் நிலைக்க வேண்டுமானால் வீட்டில் இன்னொரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டியாக வேண்டும். பெற்ற மகள் இல்லையென்றால் தத்தெடுத்தாவது கட்ட வேண்டும். இப்போது கூட்டிப் பாருங்கள். ஒரு சிறுமி ஓடிவிட்டால், பாட்டி, அம்மா, சித்தி என்று ஒரு வீடே சாப்பாட்டுக்கு வழியில்லாமல் நிற்கும். தூத்துக்குடித் தாய் தன் பிள்ளையைத் திருப்பிப் பிடித்துக் கொடுத்தாள் என்று சென்ற வாரம் எழுதியபோது அவளைத் திட்டி எழுதாததற்கு இதுதான் காரணம்.

முத்துலட்சுமி இந்த முடிச்சைப் புரிந்துகொண்டார். அதனால் அவர் முதலில் கொண்டுவந்த சட்டம் யாரையும் சிறைக்கு அனுப்பும் சட்டமாக இருக்கவில்லை. இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம். இனி ஊழியம் செய்ய வேண்டாம், நிலம் உன்னுடையது என்றது அது. 1929-இல் நிறைவேறியது.

நல்ல சட்டம். எனக்குத் தெரிந்தவரை சமூகச் சீர்திருத்தம் என்று வந்த சட்டங்களில், சம்பந்தப்பட்ட பெண்ணின் கையில் முதலில் சொத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு பேசிய சட்டம் இது ஒன்றுதான்.

ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. நிலம் வைத்திருந்தவள் பெரியவள். தப்பிக்க வேண்டியவள் சிறுமி. நிலமே இல்லாத வீட்டுப் பெண்ணுக்கோ அந்தச் சட்டத்தால் ஒரு காசுக்குப் பயனில்லை. பொட்டுக் கட்டுவது அதன் பிறகும் குற்றமில்லை. தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகள் இருந்தன. விபசாரத்துக்காக மைனர் பெண்ணைக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்றன. ஆனால் அந்த நோக்கத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். இது எங்கள் குல வழிபாடு, இவள் நாங்கள் தத்தெடுத்த பிள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் வழக்கு படுத்துவிடும்.

இந்த ஓட்டையை அடைக்க 1930 ஜனவரியில் அவர் இன்னொரு மசோதாவை வைத்தார். பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் மசோதா.

அது நிறைவேறவில்லை. நாடு அப்போது உப்பை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தது.

1930

மார்ச்சில் காந்தி தண்டிக்குக் கிளம்பினார். ஏப்ரலில் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தார். மே மாதம் 5-ஆம் தேதி காந்தியைக் கைது செய்தார்கள். அதைக் கண்டித்து முத்துலட்சுமி மேலவைப் பதவியை உதறினார்.

மசோதாவைச் சுமக்க வேண்டியவர் அவைக்கு வெளியே வந்துவிட்டார். காந்தி கைதானதற்காக ராஜினாமா செய்ததை அன்று பத்திரிகைகள் புகழ்ந்தன. எனக்கு இதில் இன்றுவரை ஒரு நெருடல் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்காகப் பேச அவையில் இருந்த ஒரே குரல் அவருடையது. ஆனால் ஊரே கொதித்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் அவர் வேறு முடிவு எடுத்திருக்கலாம் என்று, தொண்ணூறு சொச்சம் ஆண்டுகள் கழித்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது சுலபம்.

அதே 1930.

சென்னையில் அவர் வீட்டுக் கதவை ஓர் இரவில் யாரோ தட்டினார்கள்.

கதவைத் திறந்தால் இளம் பெண்கள் சிலர். பொட்டுக் கட்டும் குலத்துப் பிள்ளைகள். அந்த வாழ்க்கை வேண்டாம் என்று ஓடி வந்தவர்கள். மூன்று ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருந்த பெயரைத் தேடி வந்திருந்தார்கள்.

தீர்மானம் போட்டவர்கள் பொதுவாக எதிர்பார்க்காத விஷயம் இது. காகிதத்தில் எழுதியதை நம்பி ஒருத்தி நிஜமாகவே வாசலில் வந்து நிற்பாள் என்று யாரும் நினைப்பதில்லை.

இடமில்லை

மறுபடியும் ஊருக்கு அனுப்ப முடியாது. அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பெருங்குளத்துப் பிள்ளையின் கைகளே சாட்சி. ஆகவே, சென்னையில் பெண்கள் தங்கிப் படிக்கும் விடுதிகளில் சேர்க்கலாம் என்று முத்துலட்சுமி பார்த்தார்.

அன்றைய சென்னையில் விடுதிகள் சாதி பார்த்துத்தான் இயங்கின. பிராமணப் பெண்களுக்கு ஒரு விடுதி. பிராமணர் அல்லாதாருக்கு ஒரு விடுதி. முதலாவதில் இந்தப் பெண்களுக்கு இடமில்லை. அது எதிர்பார்த்ததுதான். இரண்டாவதிலும் இடமில்லை.

அந்த இரண்டாவது மறுப்பைத்தான் நான் மறுபடி மறுபடி யோசிக்கிறேன். பிராமணர் அல்லாதார் உரிமைக்காக நீதிக்கட்சி எழுந்து அரசாண்ட மாகாணம் இது. சுயமரியாதை இயக்கம் ஊர் ஊராக மாநாடு போட்டுக்கொண்டிருந்த காலம். ஆனாலும் அந்த விடுதிக்குள் தாசி வீட்டுப் பெண் நுழைந்தால் மற்ற பெண்களின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் எல்லாக் கொள்கையையும் முந்திக்கொண்டது. ஓடி வந்தவளுக்கு நடந்த கொடுமையே அவளுக்கு எதிரான சான்றிதழாகிவிட்டது.

விண்ணப்பப் படிவம் ஒன்று போதும் இதைக் காட்ட. பெயர், வயது, தகப்பனார் பெயர் என்று வரிசை போகும். தாசி வீட்டுப் பிள்ளைக்குத் தலைப்பெழுத்து தாயின் பெயரிலிருந்து வரும். எம்.எஸ். சுப்புலட்சுமி என்பதில் உள்ள எஸ், அவர் தாய் சண்முகவடிவின் பெயர் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அவர் பாடகியாகிவிட்டதால் அந்த எழுத்து பெருமையானது. விடுதி வாசலில் நிற்கும் பெயர் தெரியாத பெண்ணுக்கு அதே எழுத்து, தான் யார் வீட்டுப் பிள்ளை என்பதை வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடும்.

ஓடி வருகிறவள் தாண்ட வேண்டிய கதவுகள் இரண்டு. அடைத்து வைத்திருக்கும் வீட்டின் கதவு முதலாவது. அதை அவள் துணிச்சலாலேயே தாண்டிவிடுகிறாள். போய்ச் சேரும் ஊரில் உள்ள கதவு இரண்டாவது. அதைத் தாண்ட அவளால் மட்டும் முடியாது. உள்ளே இருப்பவர் திறக்க வேண்டும். வரலாற்றில் நாம் முதல் கதவைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறோம்.

நியூயார்க் வரை ஒரே கேள்வி

இங்கே ஒரு நிமிடம் 1930-ஐ விட்டு வெளியே வருவோம்.

1951-இல் ஜெனீவாவில் அகதிகள் உடன்படிக்கை எழுதினார்கள். இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவில் உறுப்பினராயிருத்தல், அரசியல் கருத்து என்று ஐந்து காரணங்களைச் சொல்லி, இவற்றால் துன்புறுத்தப்படுவோம் என்று அஞ்சி நாட்டைவிட்டு வந்தவர் அகதி என்றார்கள். பெண் என்பதால் துன்புறுத்தப்பட்டவர் அந்தப் பட்டியலில் இல்லை. மறந்துவிட்டார்கள் என்று சொல்வதைவிட, வீட்டுக்குள் நடப்பதை அவர்கள் துன்புறுத்தலாகவே நினைக்கவில்லை என்பதுதான் சரி.

1985-இல்தான் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நிர்வாகக் குழு, இப்படிப்பட்ட பெண்களைச் சமூகக் குழுவாகக் கருத நாடுகளுக்கு உரிமை உண்டு என்றது. 1993-இல் கனடா இதற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 1999-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, பொய்யான நடத்தைப் பழி சுமத்தப்பட்ட இரண்டு பாகிஸ்தான் பெண்களை அகதிகள் என்று ஏற்றது.

இவற்றுக்கு நடுவே நடந்த ஒரு வழக்கு நம் கதைக்கு மிக அருகில் வருகிறது. ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டைச் சேர்ந்த ஃபௌசியா கசிந்ஜா. தந்தை இருந்தவரை பாதுகாப்பாக வளர்ந்த பெண். அவர் இறந்தபின் உறவினர்கள் ஃபௌசியாவை ஏற்கெனவே மூன்று மனைவியர் இருந்த ஒருவருக்கு நான்காம் தாரமாக்க ஏற்பாடு செய்தார்கள். அதற்கு முன் பெண்ணுறுப்பைச் சிதைக்கும் சடங்கும் நடக்க வேண்டும். 17 வயதில் தப்பி, 1994 டிசம்பரில் நியூயார்க் நகருக்குப் பக்கத்தில் உள்ள நூவார்க் விமான நிலையத்தில் இறங்கி, எனக்கு அடைக்கலம் வேண்டும் என்று அவரே அதிகாரிகளிடம் சொன்னார்.

சிறையில் போட்டார்கள். ஒரு வருடத்துக்கும் மேல் காவலில் இருந்தார். 1996 ஜூனில் அமெரிக்கக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை இன்றும் இத்தகைய வழக்குகளில் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இந்தியா அந்த 1951 உடன்படிக்கையில் இன்றுவரை கையெழுத்திடவில்லை. அது வேறு ஒரு வாரத்துக்கான விஷயம். இப்போது சென்னைக்குத் திரும்புவோம். அங்கே முத்துலட்சுமி எந்த உடன்படிக்கையும் இல்லாமல், எந்த வழிகாட்டு நெறியும் இல்லாமல், கையைப் பிசைந்துகொண்டு நின்ற பெண்களோடு இருக்கிறார்.

ஔவை இல்லம்

விடுதிகள் மறுத்தபின் அவர் செய்தது மிக எளிமையானது. பிள்ளைகளைத் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டார். தொடர்ந்து வருகிறவர்களுக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கினார். ஔவை இல்லம் என்று பெயர் வைத்தார்.

பெயர்த் தேர்வைக் கவனியுங்கள். கல்யாணம், குடும்பம் என்ற கணக்குக்குள் அடங்காமல், ஊர் ஊராகப் போய், அறிவால் மதிக்கப்பட்ட கிழவி ஔவை. தாலியும் இல்லாத, பொட்டும் இல்லாத பெண்ணுக்குத் தமிழ் மரபில் ஒரு மரியாதையான இடம் உண்டா என்று தேடினால் கண்ணில் படுகிறவள் அவள்தான். சீதா இல்லம், சாவித்திரி இல்லம் என்று பெயர் வைக்க அன்று எத்தனையோ பேர் யோசனை சொல்லியிருப்பார்கள்.

ஆனால் இல்லம் நடத்துவது அவையில் பேசுவது போன்றதல்ல. சோறு வேண்டும், துணி வேண்டும், வாத்தியார் வேண்டும். பெண்ணைத் திரும்பக் கேட்டு வரும் உறவினரைச் சமாளிக்க வேண்டும். ஊரில் நன்கொடை கேட்கப் போனால் முகம் சுளிப்பார்கள். எல்லாவற்றையும்விட, வந்த பெண் நாளை எதைச் செய்து பிழைப்பாள் என்பதற்கு ஒரு பதில் வேண்டும். முத்துலட்சுமி அதில் தெளிவாக இருந்தார். படிப்பு, அதோடு ஒரு தொழில். ஆசிரியை வேலையும் நர்ஸ் வேலையும் அன்று பெண்ணுக்கு மாதச் சம்பளமும் மரியாதையும் தரக்கூடிய வேலைகளாக இருந்தன. ஔவை இல்லத்துப் பெண்கள் பலர் அந்த வழியில் போனார்கள்.

குறை சொல்லவும் இடமுண்டு. ஆட்டமும் பாட்டும் கைவந்த பெண்கள் அந்தக் கலையை விட்டுவிட்டுத்தான் இந்த மரியாதையை வாங்க வேண்டியிருந்தது. இதே ஆண்டுகளில் மியூசிக் அகாடமி மேடையில் சதிர் ஏறியது. அடையாறில் ருக்மிணி தேவி அந்த ஆட்டத்தைக் கற்று அரங்கேறினார். தாசி வீட்டுப் பெண் கைவிட்ட கலை, கைவிட்ட அதே காலத்தில் வேறு வீட்டுப் பெண்களுக்குப் பெருமையானது. முத்துலட்சுமி இதைத் திட்டமிடவில்லை. ஆனால் அடைக்கலம் கொடுக்கும்போது என்ன விலை கேட்கிறோம் என்று கேட்டுக்கொள்ளாத எல்லாருக்கும் இது நேரும்.

பின்னாளில் அவர் பெயர் வேறு காரணத்துக்காகப் பெரிதாகிவிட்டது. புற்றுநோயில் தங்கையை இழந்த அவர் எழுப்பிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் திறக்கப்பட்டது. காரைக்குடியிலிருந்து அங்கே போய் வராத குடும்பம் குறைவு. அதே அடையாறில் பெசன்ட் அவென்யூ சாலையில் ஔவை இல்லம் இன்றும் நடக்கிறது என்பது அப்படிப் போகிற நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பதினேழு ஆண்டு

1930-இல் கிடப்பில் விழுந்த மசோதாவின் கதைக்கு வருவோம். அதே ஆண்டு திருவிதாங்கூர் தன் கோயில்களில் இந்த முறையை நிறுத்தியது. பம்பாய் 1934-இல் சட்டம் போட்டது. மைசூரோ இவர்களுக்கெல்லாம் முந்தி, 1910 வாக்கிலேயே கோயில் ஊழியத்திலிருந்து தாசிகளை விலக்கியிருந்தது.

திருவிதாங்கூருக்கும் பம்பாய்க்கும் முன்பே தீர்மானம் போட்ட சென்னை மாகாணம் மட்டும் 1947 வரை காத்திருந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதமராக இருந்தபோதுதான், பொட்டுக் கட்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. மசோதாவை முதலில் வைத்ததிலிருந்து 17 ஆண்டுகள். அந்தப் பதினேழு ஆண்டுகளில் ஏழு வயதைத் தாண்டிய பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு பதிவேடும் சொல்லாது. அவர்களில் ஓடி வரத் துணிந்தவர்களுக்குச் சட்டம் கைகொடுக்கவில்லை. சில வீடுகள்தான் கைகொடுத்தன.

அப்படிப்பட்ட வீடுகள் சென்னையில் மட்டும் இருக்கவில்லை என்பதால்தான் அடுத்த வாரம் ரயிலேறி நம் ஊருக்கே வருகிறோம். 1930-இல்தான் காரைக்குடிக்கு ரயில் வந்தது. ஆறே ஆண்டுகளில், 1936-இல், இந்த ஊரிலிருந்து ‘மாதர் மறுமணம்’ என்று ஒரு மாத இதழ் வெளிவரத் தொடங்கியது. ஆசிரியர் மரகதவல்லி அம்மையார், தாமே விதவையாக இருந்து மறுமணம் செய்துகொண்டவர். கணவர் சொ. முருகப்பா. பாரதி 1919-இல் வந்து போன இந்து மதாபிமான சங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவர். இப்போது மாதர் மறுமண சகாய சங்கத்தின் பின்னால் நின்றவர்.

பொட்டுக் கட்டிய பெண்ணுக்கு ஒரு முத்துலட்சுமி கிடைத்தார். தாலி அறுத்த பெண்ணின் நிலை வேறு. அவளை அடைத்து வைத்திருந்தது அவளுடைய சொந்த அண்ணன், சொந்த மாமனார். செட்டிநாட்டில் என்றால், இரண்டு தெருவுக்கு வாசல் வைத்த பெரிய வீட்டின் ஏதோ ஓர் அறை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். செக்காலை, கோட்டையூர், தேவகோட்டைப் பக்கத்து வீடுகளின் பரணில் ‘மாதர் மறுமணம்’ பழைய இதழ்கள் இருந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அந்த இதழைக் கதவிடுக்கில் ஒளித்துப் படித்த ஒரு விதவை, வீட்டுக்குத் தெரியாமல் காரைக்குடி ரயிலடியில் வந்து இறங்கினால், அன்றைய நம் ஊரில் அவளுக்கு எந்தத் தெருவில், யார் வீட்டில் கதவு திறந்திருக்கும்?

(அடுத்த வாரம் தொடரும்)